குறைமாதக் குழந்தையும் தாயின் மார்புச் சூடும்

(தோட்டக் கிளையின் மாதர் பகுதிக் கூட்டத்தில், கிளைச் செயற்குழுவைச் சேர்ந்த தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டத்தில் நம் மாதர் பகுதித் தலைவி எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர்க் குழாய் என்று மேடை ஏறும்போதெல்லாம் பேசுகிறீர்கள். எங்கள் லயத்தில் பிறக்கிற பிள்ளைகளைப் பற்றி எந்தக் கூட்டத்திலாவது ஒரு வார்த்தை பேசினதுண்டா?” என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை, பிறந்த உடனேயே தாயின் வெறும் மார்போடு, இடையில் துணி ஏதுமின்றிச் சேர்த்து அணைத்து வைப்பதைப் பற்றியே என் பேச்சு. இதை ஓர் ஆண்பிள்ளை பேசுவதா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சிரிக்கட்டும். பேச்சு முடிவதற்குள் அவர்களுடைய சட்டைக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

கர்ப்பகாலம் ஏறக்குறைய 40 வாரம் என்பது தாய்மார்கள் அறிந்ததே. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைக் குறைமாதக் குழந்தை என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். எந்த மாதத்தில் பிறந்தாலும் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் அது எடை குறைந்த குழந்தை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஒரு கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பத்துப் பிறப்பில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே இது எங்கோ யாருக்கோ நடக்கும் சங்கதி அன்று. காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கும் பெண்களின் வரிசையை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்த கதை என்பது உங்களுக்கே தெரியும்.

நம்மவர் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. “ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது” என்பார்கள். என் பாட்டி இதை வேதவாக்காகவே சொல்லுவார். இது முழுத் தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிட எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கு நுரையீரல் கூடுதலாக வளர்ந்திருக்கும், எடை கூடியிருக்கும், பிழைக்கும் வாய்ப்பும் கூடுதல். இந்தத் தவறான பேச்சினால் வந்த கேடு என்னவென்றால், எட்டாம் மாதம் என்று கேட்டவுடனே வீட்டார் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். போகிற பிள்ளைதானே என்று துணியில் சுற்றி ஓரமாக வைத்த கதைகளைப் பழைய லயத்துக் கிழவிகளிடம் நான் கேட்டிருக்கிறேன். ஓரமாக வைத்ததனாலேயே அது போயிற்று என்பதை எவரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

ஓரமாகக் கிடந்தால் ஏன் போகிறது? முதற் காரணம் குளிர். இந்த வெயில் நாட்டில் ஏது குளிர் என்று கேட்காதீர்கள். தாயின் வயிற்றுக்குள் 37 டிகிரிச் சூட்டில் மிதந்திருந்த பிள்ளை, ஈர உடம்போடு வெளியே வருகிறது. அறையின் சூடு எப்படிப் பார்த்தாலும் அதைவிடக் குறைவு. நிறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு உண்டு. கழுத்தையும் தோள்களையும் ஒட்டி, சூடு உண்டாக்குவதற்கென்றே வேறொரு வகைக் கொழுப்பும் உண்டு. இவையெல்லாம் கடைசி மாதங்களில்தான் சேருகின்றன. குறைமாதக் குழந்தை அந்தச் சேமிப்பு இல்லாமலே வந்துவிடுகிறது. தோலோ மெல்லியது, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். சூடு எல்லாப் பக்கமும் கசிந்து போகிறது. நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கமே சூடு தரும். பச்சைக் குழந்தைக்கு நடுங்கவும் தெரியாது.

கிராணியின் பாஷையில் சொல்லுகிறேனே. அந்தப் பிள்ளைக்கு வரவு சில துளிப் பால். செலவோ மூச்சு விட, நெஞ்சு துடிக்க, சூட்டைக் காக்க என்று மூன்று இனம். சூட்டுக் கணக்கிலேயே கைமுதல் முழுவதும் போய்விட்டால் மூச்சுக்கு என்ன மிஞ்சும்? இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. நோய்க்கிருமிகள் வந்தால் எதிர்த்து நிற்கவும் தெம்பில்லை. குழந்தையின் உடற்சூடு 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரிக்கும் இடையில் இருக்கவேண்டும் என்கிறார்கள். அந்த ஒரு டிகிரிக்குள்தான் அதன் வாழ்வு.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிகள் முதலில் கண்ட பரிகாரம் பெட்டி. 1880-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்தெஃபான் தார்னியே என்ற வைத்தியர், கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, அதே மாதிரி குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி செய்வித்தார். உயிர்கள் பிழைத்தன. அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க் நகரத்துக் கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில், 1903 முதல் 1943 வரை, குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்து, பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு 25 காசு வசூலித்தார். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தக் காசில்தான் தாதிகளுக்குச் சம்பளம் கொடுத்தார். பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிகள் கைவிட்ட பிள்ளைகளையே அவர் வாங்கிக் காப்பாற்றினார். எதைப் பழிப்பது, எதைப் புகழ்வது என்று எனக்கே விளங்கவில்லை.

பெட்டியை நான் குறை சொல்லவில்லை. பெட்டியோடு வந்த பழக்கத்தைத்தான் சொல்லுகிறேன். பிள்ளை கண்ணாடிக்கு உள்ளே, தாய் கண்ணாடிக்கு வெளியே. தார்னியேயின் மாணாக்கரான பியேர் புதேன் என்ற வைத்தியரே, பிள்ளையைவிட்டுப் பிரித்து வைத்த தாய்மாருக்கு நாளடைவில் அப்பிள்ளையின்மேல் பற்றுக் குறைந்துவிடுவதைக் கண்டு எழுதி வைத்தார். அதைப் படித்தபோது எனக்கு ஏன் நெஞ்சு அடைத்தது என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

நிற்க. இப்பொழுது நாம் தென் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா. அங்கே ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வரும் பெரிய தாய்சேய் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. 1978-இல் அதன் குழந்தைப் பிரிவில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டிய நிலை. ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டால் மற்றதற்கும் கண்டது. தாதிகளும் குறைவு. பிள்ளையைத் தொட்டுக்கூடப் பாராமல் வீடு திரும்பிய தாய்மாரில் சிலர் மறுபடி வரவேயில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எட்கார் ரேய் சனாப்ரியா என்ற வைத்தியர் அங்கே பொறுப்பில் இருந்தார். பெட்டி வாங்கப் பணமில்லை. பெட்டி செய்கிற வேலை என்ன? சூடு கொடுப்பது. சூடு கொடுக்க வேறு என்ன இருக்கிறது? கண்ணாடிக்கு வெளியே சும்மா நிற்கிற தாயின் உடம்பு இருக்கிறது! கங்காருக் குட்டி பிறக்கும்போது ஒரு நிலக்கடலை அளவுதான். அது தாயின் மடிப்பைக்குள் ஊர்ந்து சென்று, அங்கேயே பால் குடித்து, அங்கேயே மீதி வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது. அதே வழியை மனிதக் குழந்தைக்கும் கொண்டுவந்தார் ரேய். குழந்தையைத் தாயின் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினார். தாய்ப்பாலையே கொடுக்கச் சொன்னார். தேறியவுடன் அப்படியே வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரச்சொல்லிக் கவனித்தார். மறு ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தார். இன்று உலகெங்கும் ‘கங்காரு முறை’ என்று சொல்வது இதைத்தான்.

தோழர்களே, இதை நான் சங்கக் கூட்டத்தில் சொல்லக் காரணம் உண்டு. நல்ல வைத்தியம் எல்லாம் பணக்கார நாட்டில் பிறந்து, மிச்சம் மீதி ஏழைக்கு வரும் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இது ஏழைகளின் ஆஸ்பத்திரியில், ஏழைப் பெண்களின் மார்பில் பிறந்த வைத்தியம். பிறகுதான் பணக்கார நாடுகள் கற்றுக்கொண்டன.

ஆயினும் கணக்கு எழுதிப் பிழைக்கிற நான் ஒன்றை மறைக்கக்கூடாது. பொகோட்டாவிலிருந்து முதலில் வந்த புள்ளிகளை ஐரோப்பிய வைத்தியர்கள் சிலர் ஏற்கவில்லை. பிறந்த முதல் நாட்களில் இறந்துபோன குழந்தைகளை விட்டுவிட்டு, தேறி நின்ற குழந்தைகளை மட்டும் கணக்கில் சேர்த்தால் எந்த முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும் என்றார்கள். நியாயமான ஆட்சேபணை. வேலைக்கு வராதவன் பெயரை நீக்கிவிட்டு, எல்லாரும் வந்தார்கள் என்று செக்ரோல் எழுதினால் துரை ஒப்புவாரா?

ஆகவே சரியாகக் கணக்குப் பார்த்தார்கள். 1993 முதல் 1996 வரை அதே பொகோட்டாவில் 746 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைக் கங்காரு முறையிலும் மறு பிரிவை வழக்கமான முறையிலும் வளர்த்துப் பார்த்தார்கள். இருபது ஆண்டு சென்று அப்பிள்ளைகளில் பலரைத் தேடிப் பிடித்துப் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். மார்பில் வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது குறைவாம், முரட்டுத்தனமும் குறைவாம். 2016-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நிலை தேறிய எடை குறைந்த குழந்தைகளிடையே இம்முறை சாவை ஐந்தில் இரண்டு பங்கு குறைத்ததாகத் தெரிந்தது.

‘நிலை தேறிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதுவரையில் உலகம் முழுவதும் வழக்கம் அதுவே. முதலில் பெட்டி, குழந்தை தேறட்டும், சில நாள் கழித்துத் தாயின் மார்பு. ஆனால் குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை போவது அந்த முதற் சில நாட்களிலேயே. தேறிய பிறகு தருவோம் என்று காத்திருந்த மருந்து, தேறாமற் போன பிள்ளைக்குக் கிடைக்கவேயில்லை.

அதனால் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா என்னும் ஐந்து நாடுகளில், நாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரியாக, ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். இந்தியாவில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக் குழந்தைகள் பிறந்து ஒன்றேகால் மணி நேர அளவிலேயே மார்புக்கு வந்துவிட்டன. மறு பிரிவுக்கு அது கிடைக்க இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. முதற் பிரிவு தீவிர கவனிப்புப் பிரிவில் இருந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் மார்பிலேயே இருந்தது. மற்றது ஒன்றரை மணி நேரம்.

பலன்? வழக்கமான பிரிவில் 28 நாளுக்குள் 100-க்கு 15.7 குழந்தைகள் இறந்தன. உடனே மார்பில் வைத்த பிரிவில் 100-க்கு 12. சிறிய வித்தியாசம் போலத் தோன்றும். ஆயிரம் குழந்தை என்று பெருக்கிப் பாருங்கள். 157 சவப்பெட்டிக்குப் பதில் 120. முப்பத்தேழு வீடுகளில் பிள்ளை இருக்கிறது. கிருமி நோயும் உடல் குளிர்தலும் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால், மேற்கொண்டு ஒரு பிரிவுக்கு மட்டும் இதை மறுப்பது தர்மமாகாது என்று சோதனையை முன்னதாகவே நிறுத்தி, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். 2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் தன் பழைய ஆலோசனையைத் திருத்தி எழுதியது. குறைமாதக் குழந்தையையும் எடை குறைந்த குழந்தையையும் பிறந்த உடனேயே மார்பில் வைக்கத் தொடங்குக. ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வைக்க என்பது புது ஆலோசனை. தானாக மூச்சுவிட இயலாத குழந்தை, அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தை, இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்கவேண்டிய குழந்தை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு.

ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வேண்டாம், மார்பு போதும் என்று என் பேச்சைத் திரித்துக்கொண்டு போகாதீர்கள். அந்த ஐந்து ஆஸ்பத்திரிகளிலும் பிராணவாயு இருந்தது, மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தார். தாய் மடியும் வைத்தியமும் ஒரே அறையில் இருந்தன என்பதே அங்கே புதுமை. குறைமாத வலி கண்டால் லயத்தில் தங்கிப் பார்க்க வேண்டாம். எந்த நேரமானாலும் தோட்டத்து வண்டியைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

செய்யும் விதத்தை இனிச் சொல்லுகிறேன். குழந்தைக்கு இடுப்புத் துணி, தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, இவ்வளவே உடுப்பு. தாய் ரவிக்கையை முன்பக்கம் திறந்து, இரு மார்புக்கும் நடுவில் குழந்தையை நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு படும்படி வைக்கவேண்டும். கைகால்கள் தவளை போல மடங்கி இருக்கட்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, மோவாய் சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். மோவாய் நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும். பிறகு நல்ல மெல்லிய துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுவது. துணியின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்கவேண்டும். நெஞ்சுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு. வயிறு அசைந்தால்தான் அது மூச்சு விடும். நம் வீட்டுக் கைலி இதற்குப் போதும். மலாய்த் தாய்மார் பிள்ளையைக் கைலியில் கட்டித் தூக்குவதைப் பார்த்த நமக்கு இது விநோதமும் அன்று. ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். கட்டிக்கொண்டே நடக்கலாம், உட்காரலாம். தூங்கும்போது தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கவேண்டும், மட்டமாகப் படுக்கக்கூடாது. முதல் தடவை தாதியின் கண் முன்னால் கட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்படி வைத்தால் என்ன நடக்கிறது? தாயின் சூடு குழந்தைக்குப் போகிறது. தாயின் மூச்சும் நெஞ்சசைவும் குழந்தையின் மூச்சைச் சீராக்க உதவுகின்றன. வார்டில் திரியும் கிருமிகளுக்குப் பதிலாகத் தாயின் தோலில் உள்ள, அவள் பாலே எதிர்ப்புச் சக்தி கொடுக்கும் கிருமிகளோடு பிள்ளை பழகுகிறது. பிள்ளை மார்பில் கிடந்தால் பால் நன்றாக ஊறுகிறது என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? சப்பிக் குடிக்கப் பலமில்லாத பிள்ளைக்குக் குழாய் மூலம் கொடுப்பார்கள். சற்றுத் தேறினால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். இந்தியாவில் பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதிலேதான் புகட்டுகிறார்கள்.

பாட்டிமாரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளவும் சில உண்டு. மஞ்சளாக இருக்கிறதென்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு அதுவே முதல் மருந்து. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் நாவில் தடவாதீர்கள். முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள். சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. சிகரெட்டுப் புகை அதைவிட ஆகாது. துணித் தொட்டிலும் இப்போது வேண்டாம். அதில் குழந்தை வளைந்து கிடந்து மோவாய் கவிழ்ந்துவிடும். குழந்தை நீலம் பாரித்தாலும், மூச்சு நின்று வந்தாலும், உடம்பு சில்லிட்டாலும், பால் மறுத்தாலும், கண்ணும் தோலும் மஞ்சளானாலும் உடனே ஆஸ்பத்திரி.

தாய்க்கும் களைப்பு உண்டு. குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். அறுத்து எடுத்த பிரசவமானால் முதல் நாள் எழுந்திருக்கவே முடியாது. அப்பொழுது யார் வைத்துக்கொள்வது? பாட்டி வைத்துக்கொள்ளலாம், சித்தி வைத்துக்கொள்ளலாம். தகப்பன் வைத்துக்கொள்ளலாம். பின்வரிசைத் தோழர்களே, உங்கள் சட்டைக்கு நான் சொன்ன வேலை இதுதான். துரைக்கு முன்னால் சட்டைப் பொத்தானைப் போடத்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்; பிள்ளைக்காக அவிழ்க்க ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆணின் மார்பிலும் அதே 37 டிகிரிதான் இருக்கிறது.

எனக்கும் அப்பொழுது ஒருவரும் சொல்லவில்லை. என் மூத்த மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அவளைப் பெட்டியில் வைத்தார்கள். என் மனைவியை நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இன்னும் மூன்று வாரம் இருக்கவேண்டும் என்றார்கள். தினமும் வேலை முடிந்து இருவரும் பஸ் ஏறிப் போவோம். கண்ணாடி வழியாகப் பார்ப்போம். தாதிமார் நல்லவர்கள், ஆனால் ஒரு தாதிக்கு எத்தனையோ பிள்ளைகள். பத்தாம் நாள் வாக்கில் பால் வற்றிவிட்டது. மகள் உயிரோடு வீட்டுக்கு வந்தாள், அதற்கு அந்த ஆஸ்பத்திரிக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் வந்த அன்று இரவு என் மனைவி விளக்கை அணைக்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது நம்ம பிள்ளைதானாங்க?” என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பல மாதங்கள் அவளுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. ஊரார் அவளைக் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். நானும் ஒருநாள் கோபத்தில் அப்படிச் சொன்னேன். பாரிஸ் வைத்தியர் நூறாண்டுக்கு முன் எழுதி வைத்ததைப் பிறகுதான் படித்தேன். அவள் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்லுகிறேன். அதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது சங்க வேலைக்கு வருகிறேன். மருந்துக் கடையில் வாங்கக்கூடிய பொருளன்று இது. இதற்குத் தேவை தாயின் நேரம். பதினேழு மணி நேரம் மார்பில் வைக்க வேண்டுமானால் தாய் பிள்ளையின் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த ஐந்து நாட்டுச் சோதனையில் தாயின் கட்டிலையே தீவிர கவனிப்புப் பிரிவுக்குள் போட்டார்கள். கட்டிலுக்கு இடம், அவளுக்கு உணவு, குளியலறை, மறைப்புத் திரை, இருவரையும் கவனிக்கத் தாதி, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், எல்லாவற்றுக்கும் மேலே சம்பளம் குறையாத விடுமுறை, இவ்வளவும் வேண்டும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் கங்காரு முறை தெரியாததன்று. எத்தனை மணி நேரம் தாயை உள்ளே விடுகிறார்கள், அவள் தங்க இடம் உண்டா என்பதைத்தான் கேட்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரசவ விடுமுறையை 60 நாளிலிருந்து 98 நாளாக்கினார்கள். மணமான தகப்பனுக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுமுறையும் வந்தது. நல்லது. ஆனால் குறைமாதப் பிரசவத்தில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குழந்தை எட்டு வாரம் முன்னதாகப் பிறந்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தால், 98 நாளில் 42 நாள் அங்கேயே கழிந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கென்று அச்சட்டத்தில் ஒரு நாளும் கூடுதல் கிடையாது.

இன்னொன்று செக்ரோல் எழுதுகிறவன் கண்ணுக்குத்தான் படும். பிரசவப் படி கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்கவேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நிறைமாதத்தில் பெற்றால் 90 நாள் ஆகிவிடும் என்று நம்பியிருப்பாள். பிள்ளை இரண்டு மாதம் முந்திக்கொண்டால் அவள் கணக்கு 90-க்குக் கீழே நின்றுவிடும். பணம் மிகவும் தேவைப்படும் தாய்க்கே பணம் இல்லை! தகப்பன் விடுமுறைக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சில ஆபீசுகளில் திருப்பி அனுப்புவார்கள். முன்கூட்டிப் பிறக்கப்போவது எவனுக்குத் தெரியும்? சட்டத்தில் அந்த வரிக்கு அடுத்தே, ‘அல்லது பிறந்த பிறகு கூடிய விரைவில்’ அறிவிக்கலாம் என்று இருக்கிறது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்தவனாக இருக்கவேண்டும் என்பதே கவனிக்க வேண்டியது. மறுத்தால் என்னிடம் வாருங்கள், அந்த வரியைக் காட்டுகிறேன்.

கூடுதல் கேட்பது பேராசையா? இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுப் பிரசவச் சலுகைச் சட்டத்திலேயே, குறைமாதப் பிரசவத்தால் உண்டாகும் நோய்க்குச் சம்பளத்தோடு மேலும் ஒரு மாதம் விடுமுறை எழுதியிருந்தார்கள். பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து, பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் காலத்துக்குப் பெற்றோர் இருவருக்கும் தனி விடுமுறை, 12 வாரம் வரையில் கிடைக்கிறது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் எழுதிய அதே ஆலோசனையிலும், குறைமாதக் குழந்தையின் தாய் தகப்பனுக்கு அவர்கள் தேவைக்கேற்ற விடுமுறை வேண்டும் என்று இருக்கிறது. வைத்தியப் புத்தகத்தில் விடுமுறை ஏறியிருக்கும்போது நம் கூட்டு ஒப்பந்தத்தில் ஏறக்கூடாதா?

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானம் தயாரித்திருக்கிறது. குறைமாதக் குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களைத் தாயின் 98 நாளோடு சேர்த்துத் தரவேண்டும்; 90 நாள் கணக்கைப் பிரசவம் எதிர்பார்த்த தேதியை வைத்துப் பார்க்கவேண்டும்; ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி தரவேண்டும். முதல் இரண்டும் சட்டம் மாறவேண்டிய விஷயம்; ஆனாலும் ஒப்பந்தத்தில் முதலாளிமார் சம்மதித்துக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வண்டிக்குச் சட்டமே தேவையில்லை, மனம் போதும். தீர்மானத்தை மாதர் பகுதித் தலைவி முன்மொழிவார். ஆண்கள் யாராவது வழிமொழிந்தால் எனக்கு மகிழ்ச்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய ஆயாக் கொட்டகையில், பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் பொம்மையை வைத்துக் கட்டும் விதத்தைக் காட்ட இசைந்திருக்கிறார். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கைலி கொண்டுவரவும். கர்ப்பிணிகளோடு அவர்களுடைய கணவர்மாரும் மாமியார்மாரும் அவசியம் வரவேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வாருங்கள்; புத்தகம் திறந்திருக்கிறது.